களஞ்சியத்தில் மாடு கட்டலாமா?

‘பார்ன்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் ‘களஞ்சியம்’ என்று எழுதி முடித்துவிடுகிறோம். பழைய ஆங்கிலத்தில் ‘பெரெ’ வாற்கோதுமை, ‘ஏர்ன்’ வீடு, அதுவரை சரிதான். பின்னாளில் அந்த வீட்டுக்குள் மாடும் வைக்கோலும் வந்துவிட்டன. தமிழ் பைபிளில் களஞ்சியம் கச்சிதம், ஏன்னா மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் ‘அபொதேகே’, சேமிப்புக் கிடங்கு. ஆர்வெலின் ‘அனிமல் ஃபார்ம்’ (1945) நாவலில் விலங்குகள் கூட்டம் போடுவதும் பார்னில்தான். அதையும் களஞ்சியம்னு எழுதினா, பன்றியெல்லாம் நெல்லு மேல உட்கார்ந்து பேசின மாதிரி ஆயிடும்!

எங்க பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் தானியத்துக்குக் குதிர், மாட்டுக்குக் கொட்டகை, வைக்கோலுக்குப் போர், கதிரடிக்கக் களம். (இப்போ மக்காச்சோளம் காயத் தார்ரோடே களம், அது வேற கதை.) எல்லாத்துக்கும் ஒரே கூரை கிடையாது, அப்புறம் ஒரே சொல் எங்கிருந்து வரும்? ஆர்வெலுக்கு நான் ‘பெரிய கொட்டகை’ன்னுதான் போடுவேன்.