அணத்தான் என்று சொன்னவர் யார்?

தென்னிந்தியக் காடுகளில் ஒரு சின்ன விலங்கு உண்டு. பார்த்தால் அணில் என்றுதான் சொல்வோம். அணில் இல்லை. அறிவியல் பெயர் 'அனதானா எலியோட்டி'. முன்பாதி 'மூங்கில் அணத்தான்' என்ற தமிழ்ப் பெயரிலிருந்து வந்தது. பின்பாதி, மதராஸ் மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஸ்காட்லாந்துக்காரர் வால்டர் எலியட்டின் (1803–1887) பெயர்.

எலியட் மாதிரி ஆட்களைப் பற்றிப் பேசினால் 'பன்முக மேதை' என்று சட்டென வாயில் வந்துவிடும். பாலூட்டிகளின் பட்டியல், கன்னடக் கல்வெட்டுகள், தென்னிந்திய நாணயங்கள் என்று எல்லாவற்றிலும் கை வைத்தவர். மலைப்பாகத்தான் இருக்கு. ஆனால் மலைத்துப்போய் நின்றுவிட்டால், இத்தனை துறைகளுக்கும் அவருக்குக் கதவு திறந்தது பதவி என்பது தப்பிவிடுகிறது. அதிகாரி கேட்டால் ஊர் பதில் சொல்லியாக வேண்டும்.

1859-ஐ மட்டும் எடுத்துக்கொள்வோம். அந்த வருஷம் வெளியான டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' நூலில், புறாத் தோல்கள் அனுப்பியதற்காக எலியட்டுக்கு நன்றி இருக்கிறது. அதே வருஷம் தெலுங்குத் தாவரப் பெயர்களைத் திரட்டி 'ஃப்ளோரா ஆந்திரிகா' கொண்டுவந்தார். அதே வருஷம்தான், 1845-இல் அவர் அமராவதியில் தோண்டியெடுத்து மதராசுக்கு அனுப்பிய பௌத்தச் சிற்பங்கள், பல காலம் வெட்டவெளியில் கிடந்தபின் லண்டனுக்குக் கப்பலேறின. 'எலியட் மார்பிள்ஸ்' என்றே அவற்றுக்குப் பெயர் விழுந்தது.

காப்பாற்றினார் என்றும் சொல்லலாம். அந்தக் கற்கள் ஏற்கெனவே உள்ளூர்க் கட்டடங்களுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஆனாலும் கல்லும் செடிப் பெயரும் ஒன்றில்லை. பெயரை எழுதிக்கொண்டு போனால் அது ஊரிலும் இருக்கும். கல்லைக் கொண்டுபோனால் ஊரில் பள்ளம்தான் மிச்சம். அவர் வாழ்க்கையை இந்த இரண்டையும் சேர்த்துத்தான் படிக்கணும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர் ஆர்வம் பொய்யில்லை. கடைசிக் காலத்தில் பார்வை மங்கிவிட்டது. இறந்த நாளான 1887 மார்ச் 1 காலையில்கூட, தமிழறிஞர் ஜி.யு. போப்புக்கு ஒரு கடிதத்தைச் சொல்லி எழுதவைத்துத் தன் கையால் கையெழுத்திட்டார். அவரைப் பற்றி இவ்வளவு தெரிகிறது. 'அணத்தான்' என்று முதலில் சொல்லிக்கொடுத்தவரைப் பற்றி அந்தச் சொல்லைத் தவிர ஒன்றுமே தெரியவில்லை.