வைரமின்றி வில்லெடுக்கலாமோ?

ஆரண்ய காண்டத்து 9ஆம் ஸர்க்கத்தில், ராக்ஷஸ வதத்துக்கு ப்ரதிஜ்ஞை பண்ணின பெருமாளைப் பிராட்டி தடுத்து, வைரமில்லாதார்மேல் கொடுமை செய்வது தகாது என்கிறாள். இதனைப் பெண்மைக்கு இயல்பான அச்சமென்று சொல்லிக் கடந்து போவார் உளர். அது பொருந்தாது. இந்த்ரன் அடைக்கலமாக வைத்த வாளைக் காத்திருந்தே தபஸ்வியொருவன் கொடியவனாகி நரகம் புக்க கதையை அவள் எடுத்துக்காட்டுவது, கையில் ஆயுதமிருப்பதே போருக்குக் காரணமாகிவிடுமோ என்னும் விசாரத்தாலன்றோ? அவ்வளவில் நில்லாமல், வனத்தில் க்ஷத்ரியனுக்கு வில்லால் ஆகவேண்டுவது ஆர்த்தரைக் காப்பதொன்றே என்று விதிவிலக்கையும் தானே கூறிவைத்தாள்.

10ஆம் ஸர்க்கத்தில் பெருமாள் அவள் வார்த்தையை மறுக்கவில்லை; அவள்தானே சொன்னதென்று அவ்விலக்கையே பற்றுகிறார். தமக்குப் பகையில்லை, ரிஷிகளுக்கு ஆர்த்தி உண்டு. போர் ஏற்கத்தக்கதாவது இதனாலேயே. ப்ரதிஜ்ஞையைக் காக்கவே வில்லெடுத்தார் என்று நிறுத்துவதும் போதாது. அவர்கள் சொல்லாவிடினும் காத்தே தீரவேண்டியவர்கள் என்கிறாரே! அடியேன் பாலனாய்த் திண்ணையில் பாடம் கேட்ட நாளில் ஓரிடத்தை விரைந்து கடந்தேன். தகப்பனார் திரும்பவும் சொல்லச் செய்தார். தாமே சென்று பணியவேண்டிய முனிவர்கள் தம்மிடம் வந்து நிற்க நேர்ந்ததே என்று பெருமாள் நாணின இடம் அது.