மடியில் ஒரு தூக்கணாங்குருவிக் கூடு

காலாண்டு விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வந்திருந்த பேத்தியின் மடியில், கிணற்றடிப் பனைக்குக் கீழே விழுந்து கிடந்த தூக்கணாங்குருவிக் கூடு ஒன்றை எடுத்து வைத்தேன். குஞ்சுகள் பறந்துபோன பிறகு காற்றில் அறுந்து விழுந்த பழங்கூடு அது, காய்ந்து பழுப்பேறியிருந்தது. இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்த ஏழு வயதுக்காரி, "கனமே இல்லையே ஆச்சி" என்றாள். கூட்டின் முதல் நயத்தை அவளே சொல்லிவிட்டாள். மழைக்கும் காற்றுக்கும் ஈடுகொடுத்துத் தொங்கிய வீடு, ஒரு குழந்தையின் கைக்குக் கனக்கவில்லை.

அடுத்து, ஒரு நாரை உருவப் பார்த்தாள். வரவில்லை. அதன் நுனியைத் தேடி இருவரும் விரலால் தடம் பிடித்துப் போனோம். அது ஒன்றின் மேலேறி, இன்னொன்றின் கீழே நுழைந்து, மூன்றாவதைச் சுற்றி வளைந்து, எங்கோ உள்ளே மறைந்துபோனது. "என் சடை மாதிரி இருக்கு" என்றாள். சடைக்கு மூன்றே பிரி. இதில் எத்தனை பிரி என்று எண்ணி முடிக்க எங்கள் இருவராலும் ஆகவில்லை. குறுந்தொகையின் 374ஆம் பாட்டு, ஊராரின் மயக்கத்தைச் சொல்லப் பனையில் தொங்கும் இந்தக் கூட்டைத்தான் துணைக்கு அழைக்கிறது. அந்தப் புலவரும் என்றோ ஒரு கூட்டை மடியில் வைத்து நுனி தேடியிருப்பார் என்று அன்றைக்குத் தோன்றியது.

அந்த நார் வந்த விதத்தை மரத்திலேயே காட்டினேன். தலையில் மஞ்சள் பூசியது போலிருந்த ஆண்குருவி ஓலையின் ஓரத்தை அலகால் நறுக்கியது. நறுக்கிய இடத்தைக் கவ்விக்கொண்டு பறந்தது. பறக்கிற வேகத்திலேயே ஓலை நீளவாக்கில் கிழிந்து, ஒரு முழ நாராகக் கூடவே வந்தது. கத்தி, இழுவை, சுமை மூன்றும் ஒரே பறத்தலில் முடிந்துவிட்டன. ஒரு கூட்டுக்கு இப்படி 500 தடவை வரை அது போய்வர வேண்டும்.

பிறகு அவள் செய்ததை நான் இத்தனை வயதுவரை செய்ததில்லை. கீழ்நோக்கித் தொங்கிய குழாய் வாசலுக்குள் கையை விட்டு மெல்ல மேலே கொண்டுபோனாள். சட்டென்று நின்றாள். "உள்ளே ஒரு படி இருக்கு ஆச்சி!" நானும் விட்டுப் பார்த்தேன். குழாய் முடியும் இடத்தில் கெட்டியாக ஒரு மேடு. அதைத் தாண்டி இறங்கினால் குழிந்த அறை. கூடு காற்றில் ஊசலாடும்போது முட்டைகள் உருண்டு குழாய் வழியே விழுந்துவிடாமல் தடுக்கும் நிலைப்படி அது. வெளியிலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. அறிவெல்லாம் உள்ளே அந்த ஒரு விரற்கடை மேட்டில் இருக்கிறது.

உட்சுவரில் களிமண் அப்பியிருந்தது. மின்மினியை ஒட்டி விளக்கேற்றத்தான் குருவி மண் வைக்கிறது என்று என் அம்மா சொன்ன கதையைச் சொன்னேன். அவள் கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மண்ணுதான் இருக்கு, மின்மினி இல்லை" என்றாள். கதையை ரசித்தாள், கண்ணையும் நம்பினாள். இரண்டும் ஒரு குழந்தையிடம் சேர்ந்திருப்பதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்?

நிமிர்ந்து மரத்தைப் பார்த்தவள் இன்னொன்றும் கண்டாள். கூடுகள் எல்லாம் ஒரே பக்கமாகத் தொங்கின. எந்தப் பக்கம் என்று கேட்டேன். காலையில் வெயில் வந்த திசையைக் காட்டினாள். எங்கள் தென்காசிப் பக்கம் சாரல் காலத்துக் காற்று மேற்கிலிருந்து இரைந்து வரும். குருவி, மரத்தையே மறைப்பாக வைத்துக் கிழக்கே வீடு கட்டியிருக்கிறது.

அவற்றுள் ஒன்று தொப்பியைக் கவிழ்த்தது போல அரைகுறையாக நின்றது, குறுக்கே ஒரு வளையத்தோடு. "இது ஏன் பாதியிலே நிக்குது?" இந்த அளவு கட்டிவிட்டு ஆண்குருவி சிறகடித்துக் கூப்பிடும். பெண்குருவி வந்து பார்க்கும். பிடித்துப்போனால் ஒருபக்கம் முட்டை அறையும் மறுபக்கம் குழாயும் எழும்பும். அந்த வளையம்தான் அவள் கைக்குத் தட்டுப்பட்ட நிலைப்படி ஆகும். பிடிக்காவிட்டால் கூடு அப்படியே நிற்கும். "அப்ப அது என்ன பண்ணும்?" வேறு கட்டும் என்றேன். அவள் முகம் தெளிந்தது.

இந்த ரகசியங்களில் சிலவற்றை 1930இல் மகாராஷ்டிரக் கடற்கரைச் சிற்றூரான கிஹிமில் தன் வீட்டருகே கூடுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தே கண்டறிந்தவர் சலீம் அலி. அவர் சிறுவனாக இருந்தபோது, தான் சுட்ட கழுத்தில் மஞ்சள் கொண்ட ஒரு குருவி என்ன இனம் என்று கேட்டுப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனார். அங்கே செயலாளராக இருந்த மில்லார்ட், பையனைத் திருப்பி அனுப்பாமல், பதப்படுத்திய பறவைகள் இருந்த இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். இந்தியப் பறவையியலின் பெரும் வாழ்வு ஒன்று, ஒரு பெரியவர் ஒரு சிறுவனுக்கு ஒதுக்கிய அந்த நேரத்திலிருந்து தொடங்கியது.

எனக்குத் திறந்து காட்ட இழுப்பறைகள் இல்லை. ஒரு பனையும் உதிர்ந்த கூடும் இருந்தன. போதுமானதாக இருந்தன. பெயரைச் சொல்லிக்கொடுத்தால் குழந்தை பெயரை வைத்துக்கொள்ளும். பக்கத்தில் உட்கார்ந்து அதன் விரல் போகும் வழியே நம் கண்ணையும் அனுப்பினால், அது பார்க்கக் கற்றுக்கொள்ளும், நாமும் மறுபடி கற்றுக்கொள்வோம்.

உங்கள் வீட்டுப் பிள்ளையையும் ஒரு காலை நேரம் பனையடிக்கு அழைத்துப் போங்கள். குடியிருக்கும் கூட்டைத் தொடாதீர்கள், விழுந்ததை மடியில் வையுங்கள். அவசரப்பட்டு எதையும் விளக்கிவிடாதீர்கள், அந்தப் படியைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். அதுவரை அந்தப் பனையை வெட்டாமல் வைத்திருங்கள்.