கோடையில் வாங்கும் கடிதம்

இளங்கலை முடிப்பதற்குள் ஒரு சம்மர் ப்ராஜெக்டாவது செய்துவிட வேண்டும் என்பது அறிவியல் மாணவர்களிடையே இன்று எழுதப்படாத விதி. எங்கே செய்தாய், யாரிடம் செய்தாய் என்று சீனியர்கள் விசாரிக்கிறார்கள். என்ன செய்தாய் என்று கேட்பவர் குறைவு. இந்த வழக்கத்தின் கோளாறு அந்த விசாரிப்பிலேயே இருக்கிறது. ஆனாலும் முதலில் அதன் பலத்தைச் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

இந்தியாவின் மூன்று அறிவியல் அகாதமிகள் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வுத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். மாத உதவித்தொகையும் ரயில் கட்டணமும் கொடுத்து, சிற்றூர்க் கல்லூரி மாணவி ஒருத்தியை எட்டு வாரத்துக்கு ஒரு நல்ல ஆய்வகத்தில் கொண்டுபோய் உட்கார வைக்கிறது அது. முதல் வாரம் அடையாள அட்டை வாங்குவதிலேயே போய்விடும். மூன்றாம் வாரம் டி.என்.ஏ.வைப் பெருக்கப் பி.சி.ஆர். போட்டு, ஜெல்லைப் புற ஊதா வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் ஓரத்தில் ஒப்பீட்டுக்கு வைத்த லேடர் மட்டும் பட்டை பட்டையாக ஒளிர்கிறது; மற்றதெல்லாம் காலி. ப்ரைமர் தப்பா, வெப்பநிலை தப்பா, கலவையில் என்சைம் விட மறந்துபோனோமா? ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வருவதற்குள் இன்னொரு வாரம் ஓடிவிடும். கல்லூரி ரெக்கார்டு நோட்டில் எந்தச் சோதனையும் தோற்பதில்லை. வரவேண்டிய விடை அங்கே முன்கூட்டியே தெரியும். விடை யாருக்கும் தெரியாத இடத்தில் எத்தனை நாள் தாக்குப்பிடிக்க முடிகிறது என்று ஒருவர் தன்னையே பார்த்துக்கொள்ள, பிஎச்.டி.க்கு முன் கிடைக்கும் அருமையான வாய்ப்பு இது. ‘நமக்கு இது சரிப்படாது’ என்று தெரிந்து திரும்பினாலும் லாபம்தான்.

எட்டு வாரத்தில் ஆய்வு முடிவு வருவது அபூர்வம். வருவது பரிந்துரைக் கடிதம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் மூன்று கடிதம் கேட்கின்றன. அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் பாடம் நடத்தும் பேராசிரியர், பாவம், மதிப்பெண்ணையும் நன்னடத்தையையும் தவிர வேறு என்ன எழுதுவார்? ஜெல் மூன்று முறை காலியாக வந்தபோது மாணவி என்ன செய்தாள் என்று எழுதக்கூடியவர் பக்கத்தில் நின்று பார்த்தவர்தான். சிக்கலும் அங்கேதான். பல ஆய்வகங்களில் அப்படி நின்று பார்ப்பவர் ஒரு பிஎச்.டி. அக்காவோ அண்ணனோ, கையெழுத்துப் போடுபவர் கைடு. கடிதத்தின் வாசகத்தை ‘நீயே எழுதிக் கொண்டுவா’ என்று சொல்லும் கைடுகளும் உண்டு.

யாருக்கு இடம் கிடைக்கிறது என்பது அடுத்த கேள்வி. அகாதமித் திட்டத்துக்கு முந்தைய ஆண்டின் இறுதியிலேயே விண்ணப்பித்துவிட வேண்டும். ஆசிரியரின் பரிந்துரையும் வேண்டும். கடிதம் வாங்கப் போவதற்கே ஒரு கடிதம்! நகரத்துத் தன்னாட்சிக் கல்லூரிகள் பலவற்றில் ஏப்ரலோடு தேர்வு முடிந்துவிடும்போது, மே மாதத்திலும் தேர்வு எழுதிக்கொண்டிருப்பதால் ஆய்வகத்துக்குப் போக முடியாதவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் தேசிய அறிவியல் நிறுவனம் 1987 முதல் நிதி கொடுத்துவரும் இளங்கலைக் கோடை ஆய்வுத் திட்டத்தில், ஆய்வு வசதி குறைந்த கல்லூரி மாணவர்களுக்குக் கணிசமான இடம் கொடுக்கச் சொல்கிறார்கள். அந்த நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமான திட்டம் அது என்றாலும், அந்த ஒரு விதியை நாம் கடன் வாங்கலாம்.

கோடைப் பள்ளிகளில் என் ஓட்டு எம்.டி.டி.எஸ்.ஸுக்குத்தான். பேராசிரியர் எஸ். குமரேசன் 1993-இல் தொடங்கிய கணிதப் பயிற்சி முகாம் இது. நான்கு வாரம். நிரூபணத்தைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு நகல் எடுக்கச் சொல்வது அங்கே வழக்கமில்லை. கேள்வி கேட்டுக் கேட்டு மாணவரையே சொல்ல வைக்கிறார்கள். ஒருங்கும் தொடர்வரிசை வரம்புடையது என்று மனப்பாடமாகச் சொன்னால், ஏன் என்று கேட்பார்கள். அதைச் சொன்னால், வரம்புடையதெல்லாம் ஒருங்குமா, ஓர் எடுத்துக்காட்டு கொடு என்பார்கள். ஆராய்ச்சி செய்ததாகப் பாவனை இல்லை. தெரியாதது எதுவென்று மட்டும் தெளிவாகத் தெரிந்துவிடும்.

இதற்கு நேர் எதிர்ப்புறம், காசு வாங்கிக்கொண்டு சான்றிதழ் கொடுக்கும் இணையவழி இன்டர்ன்ஷிப் வியாபாரம். டேட்டா சயின்ஸ் என்றால் டைட்டானிக் கப்பல் பயணிகள் 891 பேரின் அதே அட்டவணை. யார் பிழைத்தார், யார் மூழ்கினார் என்று கணிக்கும் அதே நிரல். சேர்க்கைக் குழுவில் உட்கார்ந்திருப்பவர் அந்தக் கப்பல் மூழ்குவதை எத்தனை விண்ணப்பங்களில்தான் பார்ப்பார்? கோடையில் பனியன் கம்பெனிக்கோ கேட்டரிங் வேலைக்கோ போய் அடுத்த செமஸ்டர் கட்டணத்தைச் சேர்க்கும் மாணவரின் தன்விவரத்தில் அந்த இரண்டு மாதம் வெற்றிடமாக நிற்கிறது. அதைக் கூச்சமில்லாமல் எழுதலாம் என்று அவருக்குச் சொல்லவும் ஆளில்லை.

நாட்காட்டியையும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அமெரிக்க விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரில் முடிந்துவிடும். முதுகலைச் சேர்க்கைக்கான ஜாம் தேர்வு பிப்ரவரியில். ஆகவே விண்ணப்பத்துக்கு உதவும் கோடை, கடைசி ஆண்டுக்கு முந்தையதுதான். மூன்றாண்டு பி.எஸ்சி.யில் அது இரண்டாம் ஆண்டு முடிந்ததும் வந்துவிடுகிறது. பட்டம் முடித்த பிறகு வரும் கோடை எந்தச் சேர்க்கைக்கும் கணக்கில் வராது. வராததாலேயே அதில் நேரியல் இயற்கணிதத்தை முதல் அத்தியாயத்திலிருந்து மறுபடி போட்டுப் பார்க்கலாம். அரைகுறையாக விட்ட நிரலாக்கத்தை முடிக்கலாம். மதியம் நன்றாகத் தூங்கவும் செய்யலாம். ஆனால் இடம் கிடைத்த பிள்ளைகள் அப்போதும் இன்னொரு சான்றிதழுக்குத்தான் விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறார்கள்.