தொகுத்தவர் கை: ஸ்டோரிஃபை கதைகளும் நம் தொகை நூல்களும்

மலருக்குக் கட்டுரை கேட்டபோது, "சங்க இலக்கியம் பற்றி ஏதாவது எழுதுங்க சார்" என்றார்கள். எழுதுகிறேன். ஆனால் தொடங்குவது சங்க காலத்திலிருந்து அல்ல, 2015 டிசம்பரிலிருந்து.

அம்மாதம் 1, 2 தேதிகளில் சென்னையும் புறநகரும் மூழ்கியதை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். விமான நிலையத்தை மூடினார்கள். 1878 முதல் வந்துகொண்டிருக்கும் 'தி இந்து' இதழே, ஊழியர்கள் அச்சகம் போய்ச் சேர முடியாததால், 2-ஆம் தேதி சென்னையில் அச்சாகவில்லை. என் அக்கா குடியிருப்பது தாம்பரத்தை அடுத்த முடிச்சூர். புனேயில் உட்கார்ந்துகொண்டு எண்ணை அழுத்தி அழுத்திப் பார்க்கிறேன், மணியே அடிக்கவில்லை. கடைசியில் என் மகள், இன்று எக்ஸ் என்றும் அன்று ட்விட்டர் என்றும் பெயர் கொண்ட தளத்தில், அத்தையின் தெருப் பெயரையும் தொலைபேசி எண்ணையும் போட்டு, "மாடியில் முதியவர் இருவர், குடிக்கத் தண்ணீர் இல்லை, படகு தேவை" என்று எழுதினாள். முகம் தெரியாத எத்தனையோ பேர் அதை எடுத்து அனுப்பினார்கள்.

வெள்ளம் வடிந்தபின், அந்த நாட்களின் பதிவுகளில் சுமார் 40-ஐப் பொறுக்கி, ஸ்டோரிஃபை என்ற வலைச் செயலியில் ஒரு கதையாகக் கோத்தாள் மகள். அதை அச்செடுத்த 11 தாள்கள் இப்போது என் மேஜைமேல் இருக்கின்றன. இக்கட்டுரை அந்தத் தாள்களின் மதிப்புரை என்று கொண்டாலும் தவறில்லை.

அந்தச் செயலியை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தை. அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளராக இருந்த பர்ட் ஹெர்மனும், சேவியர் டாம்மனும் சேர்ந்து 2010-இல் அமெரிக்காவில் தொடங்கியது ஸ்டோரிஃபை. திரையின் ஒரு பக்கம் தேடுபெட்டி, மறுபக்கம் வெற்றுத்தாள். ட்விட்டரிலும் ஃபேஸ்புக்கிலும் யூடியூபிலும் பிறர் போட்டதைத் தேடி, வேண்டியதைப் பிடித்திழுத்துத் தாளில் வைக்கலாம். மேலும் கீழும் நகர்த்தலாம். இடையிடையே நம் வாசகத்தைச் சேர்க்கலாம். செய்தித்தாள்கள் இதை விரும்பிக் கையாண்டன. 2013-இல் லைவ்ஃபயர் நிறுவனம் வாங்கியது. அதை 2016-இல் அடோபி வாங்கியது. 2018 மே 16-ஆம் தேதி ஸ்டோரிஃபை மூடப்பட்டது. எட்டு ஆண்டு ஆயுள். மூடுமுன் அவரவர் கதையை எடுத்து வைத்துக்கொள்ள வழி கொடுத்தார்கள். எடுத்தவர்களிடம் இருக்கிறது, மற்றவை போயின.

இது புதிய கலையா? இல்லை என்பதே என் கருத்து. தொல்காப்பிய மரபியல் வழிநூலை நான்கு வகையாகப் பிரிக்கும்போது முதலில் வைப்பது தொகுத்தலைத்தான். ஒருவர் பாடலும் எழுதாமல் நூலாசிரியராக முடியும் என்பது நம்மவர்க்குப் பழைய செய்தி. எட்டுத்தொகை முழுவதும் பிறர் குரல்களைப் பொறுக்கிக் கோத்ததே. நாம் பிழைக்க வந்த இந்த மண்ணுக்கும் அது உண்டு. பைத்தானை ஆண்ட சாதவாகன மரபின் ஹாலன் பெயரால் வழங்கும் 'காதா சப்தசதி', மகாராஷ்டிரிப் பிராகிருதத்தில் சுமார் 700 சிறு பாடல்களின் தொகை. அகப்பாடல் படித்தவர்க்கு அதில் பல பாடல்கள் சொந்த ஊர்க்காரரைப் பார்த்ததுபோல் இருக்கும்.

எனவே ஸ்டோரிஃபை கதையையும் தொகை நூலுக்குரிய அளவுகோலால் அளப்பதே முறை. அளந்து பார்ப்போம்.

முதலில் நிறை. மகளின் 11 தாள்களில் ஒரு பல் மருத்துவர் பேசுகிறார், ஒரு கல்லூரி மாணவன் பேசுகிறான், வேளச்சேரியில் மொட்டை மாடியில் நிற்கும் ஒரு அம்மா பேசுகிறார். செய்தியாளர் இவர்களைப் பற்றி எழுதியிருந்தால் மூன்று வரியில் முடிந்திருக்கும். இங்கே அவரவர் வாயால், அவரவர் பிழையோடு, பதற்றத்தோடு வருகிறது. நாளிதழே வராத நாளின் நாட்குறிப்பு இது. இதைச் சிறுமைப்படுத்த எனக்கு மனமில்லை.

இனிக் குறை. 8-ஆம் தாளில் எங்கள் பதிவு வருகிறது: முதியவர் இருவர், தண்ணீர் இல்லை, படகு தேவை. அடுத்தபடியாக ஒரு புகைப்படம்: மீட்புப் படகில் வெள்ளைத்தலைப் பெண்மணி ஒருவரைக் கை கொடுத்து ஏற்றுகிறார்கள். படித்தவர்கள் கண் கலங்கினார்கள். நானும்தான். பொங்கலுக்குப் பிறகு அக்கா புனே வந்தபோது படிக்கக் கொடுத்தோம். கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தவர், 8-ஆம் தாளில் நிமிர்ந்தார்.

"ஏம்மா, நான் எப்ப போட்ல ஏறினேன்?"

ஏறவேயில்லை. படம் வேறு பகுதியில் எடுத்தது. எங்கள் பதிவு வெளியான அன்று மாலையே பக்கத்து வீட்டுப் பையன்கள் மொட்டை மாடி வழியாகக் குடத்தில் தண்ணீர் கொடுத்துவிட்டார்கள். அக்காவும் அத்தானும் வீட்டை விட்டு நகரவில்லை. எங்களுக்கு அது மறுநாளே தெரியும். ஆனால் "பிரச்சினை தீர்ந்தது, இனி யாரும் வர வேண்டாம்" என்று நாங்கள் எழுதவில்லை. நிம்மதியில் மறந்துபோனோம். பதிவு மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. நான்கு நாள் முன்பின் தெரியாதவர்கள் அக்காவை அழைத்தபடி இருந்தார்கள். ஒரு பையன் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தே வந்து, "பாட்டி, படகு கேட்டீங்களாமே" என்று வாசலில் நின்றானாம். "அந்தப் புள்ள முகம் இன்னும் கண்ணுல நிக்குதுடா. அந்த நேரத்துல அவன் வேற யாரையாவது காப்பாத்தியிருப்பான்ல" என்றார் அக்கா. எனக்குப் பதில் வரவில்லை.

கவனியுங்கள். எங்கள் பதிவு உண்மை. படமும் உண்மை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தது மட்டும் பொய். மகள் வேண்டுமென்று செய்யவில்லை. கதைக்கு ஒரு முடிவு தேவைப்பட்டது, செயலி கைக்கு இசைந்தது, வைத்தாள். இந்த வடிவத்தின் பலவீனம் இதுதான். ஒவ்வொரு துண்டிலும் எழுதியவர் பெயரும் நேரமும் இருக்கின்றன. இரண்டு துண்டுகளைச் சேர்த்த கை மட்டும் கண்ணுக்குத் தெரிவதில்லை. இன்னொன்று: பேட்டரி தீராதவர்கள் மட்டுமே அந்த 40-இல் இருக்கிறார்கள். அக்கா வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண்ணின் குடிசை முழுவதும் போனது. அந்த 11 தாளில் அவருக்கு ஒரு வரியும் இல்லை.

நம் முன்னோர் இதை எப்படிக் கையாண்டார்கள்? அகநானூற்றைத் தொகுத்த உருத்திரசன்மர் தம் வரிசையை ஒளிக்கவில்லை. ஒற்றைப்படை எண் எல்லாம் பாலை, 2, 8 என முடிவன குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், 10 நெய்தல். எண்ணைப் பார்த்தாலே ஏன் இந்தப் பாட்டு இங்கே நிற்கிறது என்று தெரியும். புறநானூற்றுப் பாடல்களின் அடியில் திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர், சில இடங்களில் பாடிய சூழல் ஆகிய குறிப்புகள் உண்டு. புலவர் பெயர் கிடைக்காதபோது பாட்டிலிருந்தே ஒரு தொடரை எடுத்துச் செம்புலப்பெயல்நீரார் என்று பெயரிட்டார்கள். வேறொருவர் தலையில் கட்டவில்லை. உ.வே. சாமிநாதையர் 1894-இல் பதிப்பித்த புறநானூற்றில் 267, 268 ஆகிய பாடல்கள் கிடைக்கவில்லை. அவ்விரண்டு எண்களும் இன்றுவரை வெற்றிடமாகவே நிற்கின்றன. பின்னால் வருவதை முன்னால் இழுத்து யாரும் அடைக்கவில்லை. இழந்ததை இழந்ததாகக் காட்டுவதும் தொகுப்பாளன் கடமை.

இதே நேர்மைக்கு நம் புனேயிலேயே ஒரு கோயில் இருக்கிறது. லா காலேஜ் ரோட்டில் பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம், 1917-இல் தொடங்கியது. அங்கே 1919 முதல் 1966 வரை உழைத்து மகாபாரதத்தின் ஆய்வுப் பதிப்பை முடித்தார்கள். 1925 முதல் சுக்தாங்கர் தலைமைப் பதிப்பாசிரியர். கிரந்த, மலையாள எழுத்துச் சுவடிகள் உட்பட ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றைத் திரட்டினார்கள். மேலே மூலம், கீழே எந்தச் சுவடியில் எந்தப் பாடம் என்ற கணக்கு. உறுதியில்லாத சொல்லின் கீழே ஓர் அலைக்கோடு. "இங்கே எனக்குச் சந்தேகம்" என்று சொல்ல ஓர் அலைக்கோடு போதும்! என் மகளின் செயலியில் எத்தனையோ வசதி இருந்தது, அந்த அலைக்கோடு இல்லை.

ஸ்டோரிஃபை போய்விட்டது. பழக்கம் போகவில்லை. இன்று நம் வீட்டு வாட்ஸ்அப் குழுக்களில் நாம் எல்லாருமே தொகுப்பாசிரியர்கள்தான். பத்துப் பேர் சொன்னதை ஒட்டி ஒன்றாக்கி அனுப்புகிறோம். அனுப்புமுன் நான்கு கேள்வி கேட்டால் போதும். சொன்னது யார்? யாருக்கு, எப்போது சொன்னார்? இதன் பக்கத்தில் இதை வைப்பது ஏன்? பிறகு என்ன ஆயிற்று? நான்காவதற்கு விடை தெரியாவிட்டால் இடத்தைக் காலியாக விடுவோம்.

அக்கா ஊருக்குத் திரும்புமுன் ஒரு பென்சில் கேட்டு வாங்கி, 8-ஆம் தாளின் ஓரத்தில் தம் கையால் எழுதினார்: "இது நான் இல்லை. எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தது பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். படகு கேட்டாயே என்று வந்த பையன் பெயர் கேட்க மறந்துவிட்டேன்."

அந்த 11 தாள்களில் துறைக்குறிப்பு என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான். அடுத்து யார் அச்செடுத்தாலும் அதையும் சேர்த்தே அச்செடுக்க வேண்டும் என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன்.