முன்புறம் மட்டும்

சிற்பம் என்றால் சுற்றிவந்து பார்க்க வேண்டும் என்பது என் பிடிவாதம். ஆகவே, பி. வி. ஜானகிராமின் செப்புத் தகட்டு உருவங்களை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு ஏமாற்றந்தான். முன்புறம் மட்டுமே இருக்கிறது, பின்னால் ஒன்றுமில்லை!

சென்னைக் கலைத்தொழில் பள்ளியில் பணிக்கர், தனபால் காலத்து மாணவர் அவர். 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் தோன்றிய சோழமண்டலத்துக் கலைஞர்களில் ஒருவர். தகட்டைத் தட்டிப் புடைக்கச் செய்து, மேலே கம்பிகளைப் பற்றவைத்துக் கண்ணும் நகையும் ஆக்கினார்.

பிறகுதான் மூலவருக்குச் சாத்தும் கவசம் எனக்கு நினைவு வந்தது. அதன் முதுகை யார் கேட்கிறோம்? ஆனால் கவசத்துக்குள் மூலவர் இருக்கிறார். இங்கே உள்ளே இருப்பது நம் ஞாபகம் ஒன்றே. அந்த ஞாபகம் இல்லாமல் கம்பியை மட்டும் பின்பற்றும் மாணவருக்குத் தகடுதான் மிஞ்சும். ஜானகிராமிடம் அது மிஞ்சவில்லை. என் பிடிவாதத்தை விட்டுவிட்டேன்.