கை மட்டும் தெரிந்தது

படக்கதை என்றவுடன் பெரியவர்கள் முகம் சுளிப்பதும், பிள்ளைகள் அதனைப் பாடநூலுக்குள் மறைத்து வைத்துப் படிப்பதும் நம் வீடுகளின் பழைய வழக்கம். அப்பிள்ளைகளே இன்று தலை நரைத்த பின்னர் மறுபதிப்புகளைத் தேடி வாங்குகின்றனர். எனவே சுளித்த முகத்தைச் சற்றே தளர்த்தி, அவ்வோவியங்களை ஆராய்வது தவறாகாது. உருவம் வரைதல் குறித்த மார்க்கத் தீர்ப்பு இங்கே நம் பொருளன்று. அதனை உலமாக்கள் உரிய இடத்தில் உரைப்பார்கள்.

1972-இல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. பிரிட்டனில் 1962-இல் தொடங்கிய 'வேலியண்ட்' வார இதழில் வெளியான கதை அது. கதைத் தலைவர் லூயிஸ் கிராண்டேல், வலக்கையை இழந்து இரும்புக்கை பூண்டவர். மின்சாரம் பாய்ந்தால் அவர் உருவம் மறையும். இரும்புக்கை மட்டும் மறையாது.

நகைப்பதற்கு இங்கே இடம் நிறைய உண்டு. உடலோடு சட்டையும் காலணியும் சேர்ந்தே மறைகின்றன. துணிக்கும் தோலுக்கும் அவ்வித்தையைக் கற்பித்தவர் எவரோ! ஒளிந்து செல்ல வேண்டியவரின் கையோ அந்தரத்தில் பளபளவென மிதந்து வருகிறது. பகைவர் அதனைக் கண்டே அலறுகின்றனர். மறைந்ததனால் விளைந்த பயன் யாது? இவர் நம் எறையூரில் பிறந்திருந்தால், மின்வெட்டு நேரத்தில் அந்த மறைவும் கைகூடியிராது!

ஆயினும் ஓவியரின் இடர்ப்பாட்டை எண்ணிப் பார்க்க வேண்டும். தலைவனின் முகமே இல்லாத கட்டத்தில் அவன் சினத்தை எவ்வாறு காட்டுவது? விரல்களின் மடிப்பில் காட்டினார். அவசரத்தை மணிக்கட்டின் சாய்வில் காட்டினார். கறுப்பு மையும் வெண்தாளும் மட்டுமே துணையாக, இல்லாத ஆளை இருப்பதாக நம்மை நம்பவைத்தார். சிரித்தவாறே நாம் பக்கத்தைப் புரட்டியதற்குக் காரணம் அத்திறமையே.

அவர் பெயர் ஹெசூஸ் பிளாஸ்கோ; 1919-இல் ஸ்பெயினின் பார்சிலோனாவில் பிறந்து 1995-இல் மறைந்தவர். அக்காலப் பிரிட்டிஷ் சிறுவர் இதழ்களில் ஓவியர் பெயரை அச்சிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. மாயாவிக்கு நேர்ந்ததே அவருக்கும் நேர்ந்தது: கையின் வேலை தெரிந்தது, மனிதர் மறைந்தார்.

இதனோடு ஓர் அரபு ஏட்டை ஒப்பு நோக்குவோம். மதரஸாக்களில் பாடமாக ஓதப்படும் ஹரீரியின் மகாமாத், ஸரூஜ் நகரத்து அபூ ஸைத் என்னும் எத்தன் வேடம் மாற்றி மாற்றி வரும் ஐம்பது கதைகளின் தொகுப்பு. அந்நூலைப் படியெடுத்துப் படமும் தீட்டிய யஹ்யா இப்னு மஹ்மூத் அல்வாஸிதீ, ஹிஜ்ரி 634 ரமலானில் (கி.பி. 1237) பணி முடித்ததையும் தம் பெயரையும் ஏட்டின் முடிவில் எழுதினார். அவ்வேடு இன்று பாரிஸ் தேசிய நூலகத்தில் உள்ளது. கையால் எழுதிய காலத்தில் நிலைத்த பெயர், ஆயிரமாயிரமாய் அச்சிட்ட காலத்தில் விடுபட்டது விந்தையே.

பிள்ளையின் கையில் படக்கதையைக் காணும் பெற்றோர், "இது எதற்கு?" என்று கடிவதோடு நில்லாமல், "இதனை வரைந்தவர் யார்?" என்றும் வினவட்டும். உழைப்பவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கப் பணித்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்). கலைஞனுக்குப் பெயரும் கூலியில் ஒரு பங்கே என்பது நம் கருத்து.